சின்னப் புள்ளையோட ஒரு ராத்திரி சைக்கிள் கேம்பிங்: பின் சீட்டா, ட்ரெய்லரா?

கேரள எல்லைல இருக்கற கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டி பாலக்காட்டுப் பக்கம் முதலமடை, கொல்லங்கோடுன்னு ஒரு ராத்திரி தங்கி வர மாதிரி சைக்கிள்ல போகணும், கூட நாலு வயசுப் புள்ளையும் வரணும்னா மொதல்ல முடிவு பண்ண வேண்டியது டெண்டோ ஸ்லீப்பிங் பேகோ இல்லைங்க, புள்ளை எதுல உக்காந்து வரப்போகுதுங்கறதுதான். எவ்வளவு சாமான் ஏத்தலாம், எந்த ரோட்டுல போலாம், மத்தியானம் எங்க ஒதுங்கணும்னு மத்த எல்லாமே அதைப் பொறுத்துதான் இருக்கு. வழி மூணு இருக்கு. பின்னாடி மாட்டுற குழந்தை சீட்டு, சைக்கிள்ல கோத்து இழுக்குற ரெண்டு சக்கர ட்ரெய்லர், இல்லைனா புள்ளையோட குட்டி சைக்கிளையே நம்ம சைக்கிளோட கம்பி போட்டு மாட்டி இழுக்குறது.

மூணாவதை சீக்கிரம் முடிச்சரலாம். பகல் ஒரு மணி நேரம் ஜாலியா போய்ட்டு வரதுக்கு அது ரொம்ப நல்லாருக்கும், புள்ளையும் தானே ஓட்டுற மாதிரி சந்தோசப்படும், ஆனா தூக்கம் வந்துருச்சுன்னா அங்கயே நிக்க வேண்டியதுதான், வேற வழியே இல்லை. ஆறு வயசுக்கு மேல யோசிக்கலாம்.

இப்ப சீட்டு. பின்னாடி மாட்டுற சீட்டு பெரும்பாலும் 9 கிலோவுல இருந்து 22 கிலோ வரைக்கும் தாங்குற மாதிரிதான் செய்றாங்க, ஒரு வயசு முடியாத குழந்தையை எதுலயுமே ஏத்தக்கூடாது. இதுல ரெண்டு வகை, கேரியர் மேல உக்கார்றது ஒண்ணு, ஃப்ரேம் கம்பில கிளாம்ப் போட்டு நிக்கிறது இன்னொண்ணு. கேரியர் வகை வாங்கறவங்க கேரியர்ல எத்தனை கிலோன்னு அடிச்சிருக்குன்னு பாத்துட்டு வாங்குங்க, நெறைய கேரியர்ல 25 கிலோன்னுதான் இருக்கும், புள்ளை 16 கிலோ, சீட்டே ஒரு 4 கிலோன்னு வெச்சா 20 ஆச்சு, அதுக்கு மேல பைக்குன்னு அஞ்சு கிலோதான் மிச்சம். ஃப்ரேம் வகைல இந்தப் பிரச்சனை இல்லை, கம்பி ஆடுறதுல கொஞ்சம் குலுக்கலும் கம்மி, ஆனா புள்ளை கால் வைக்கிற எடத்துலதான் பக்கப் பையும் வரும், அதனால சாமான் எல்லாம் ஹேண்டில்பார்லயும் முன் ஃபோர்க்லயும்தான் கட்டணும். டெண்டு, ரெண்டு போர்வை, ஒரு மாத்துத் துணி, தண்ணி, அவ்வளவுதான் முடியும். தனி ஆளா போனா சீட்டு பத்தாது.

சீட்டுல எனக்கு ரொம்பப் புடிச்சது பேச்சுங்க. முதுகுக்குப் பின்னாடியே வாய் இருக்கு, "அம்மா அங்க பாரு மயிலு, அம்மா அந்த மலைல தண்ணி ஊத்துது"ன்னு நெல்லியாம்பதி அடிவாரம் முழுக்க ஒரு கதை ஓடிட்டே இருக்கும். புள்ளைக்கு வெயில் ஏறுதா, தாகமா, பயமான்னு குரல்லயே தெரிஞ்சுரும். ட்ரெய்லர்ல இது கெடையாது, பின்னாடி ஒரு ஆள் தூரத்துல கண்ணாடித் துணிக்குள்ள உக்காந்துட்டு என்ன பேசுதுன்னே காதுல விழாது.

ஆனா தூக்கம்னு வந்தா சீட்டு தோத்துரும். கண்ணு சொருகுன உடனே தலை முன்னாடி தொங்கும், ஹெல்மெட்டோட பின் பக்கம் சீட்டுல முட்டித் தலையை இன்னும் முன்னாடி தள்ளும், ஒவ்வொரு வேகத்தடைக்கும் அந்தத் தலை ஆடுறதைப் பாக்கவே முடியாது. சாஞ்சு படுக்கற சீட்டா, பின்னாடி ஹெல்மெட்டுக்குக் குழி விட்ட சீட்டா பாத்து வாங்குனா பாதி சரியாகும். மீதிக்கு நான் சொல்றது தூளிங்க. ஒரு பழைய நூல் சேலையைப் பைல சுருட்டி வெச்சுக்கங்க, பன்னண்டு மணிக்கு ஒரு தோப்புக்காரர்கிட்ட கேட்டுட்டு மாமரத்துக் கெளைல கட்டிட்டா ரெண்டு மணி வரைக்கும் புள்ளை அசையாது, நாலு வயசுப் புள்ளைக்கும் கால மடக்கிட்டு அதுல தூக்கம் வருது, வெயிலும் தாண்டிரும். இன்னொண்ணு, ஸ்டாண்டு போட்டுட்டு புள்ளையை சீட்டுலயே விட்டுட்டு டீ வாங்கப் போகாதீங்க. ஓடுறப்ப விழறதை விட நிக்கிறப்ப சாயறதுதான் சீட்டோட பெரிய ஆபத்து. மொதல்ல புள்ளையை எறக்கணும், அப்புறம்தான் ஸ்டாண்டு.

ட்ரெய்லர் தூங்கறதுக்குன்னே செஞ்சது. பெல்ட்டு போட்டுட்டு உள்ள சாஞ்சுக்கலாம், ஒரு பொம்மை, ஒரு முறுக்கு டப்பா, கொசு வராம வலை, எல்லாம் இருக்கு. ரெண்டு புள்ளை உக்கார்ற ட்ரெய்லர்ல மொத்தமா 45 கிலோ வரைக்கும் ஏத்தலாம்னு போட்டிருப்பாங்க, அதனால ஒரு புள்ளையும் கூட டெண்டும் சமையல் சாமானும் சுலபமா போயிரும். நம்ம சைக்கிள் சாஞ்சாலும் கொக்கி திரும்பிக் குடுக்கறதால பெரும்பாலும் ட்ரெய்லர் கவுறாது, அதுவும் பெரிய ஆறுதல். ஆனா நம்ம ரோட்டுக்குத்தான் அது ஒத்துவரலைங்க. முக்கா மீட்டருக்கு மேல அகலம், தரையோட தாழ்ந்து இருக்கு, கோவிந்தாபுரத்துல இருந்து வர மெயின் ரோட்டுல மாங்கா சீசன்ல லாரி வரிசையா வரும், அந்த ஓட்டுனர் கண்ணுக்கு ட்ரெய்லர் மேல நட்டு வெச்ச கொடியாவது தெரியணும், தெரிஞ்சாலும் புகையும் மண்ணும் நேரா புள்ளை மூஞ்சி ஒசரத்துலதான். இட்டேரில, அதாவது ரெண்டு பக்கமும் வேலி வெச்ச மண் தடத்துல, எறங்குனா ஒரு சக்கரம் கல்லுல ஏறும், இன்னொண்ணு குழில எறங்கும். வாய்க்கா மேட்டு மண் ரோடு நல்லாருக்கு, அதுல ட்ரெய்லர் வழுக்கிட்டுப் போகும், ஆனா அந்த மேட்டுக்குப் போய்ச் சேரதுக்கே மெயின் ரோட்டுல கொஞ்ச தூரம் போயாகணும்.

அப்புறம் காத்து. பாலக்காட்டுக் கணவாய்க்குள்ள சைக்கிள் ஓட்டறவங்க காத்தைக் கேக்காம கெளம்பக்கூடாது. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் மேக்க இருந்து அடிக்கும், கஞ்சிக்கோட்டுல காத்தாலை நட்டு மின்சாரம் எடுக்கறாங்கன்னா சும்மாவா. ட்ரெய்லரோட கூடாரத் துணி அந்தக் காத்துல அப்படியே கப்பல் பாய் விரிச்ச மாதிரி நின்னுக்கும், சமதளத்துலயே மேடேர்ற பாடு. டிசம்பர், ஜனவரில கெழக்க இருந்து காத்து, போறப்ப தள்ளிவிடும், திரும்பறப்ப மூஞ்சில அடிக்கும், அதனால எதுல போனாலும் திரும்புற நாளுக்குக் கூடுதல் நேரம் வெச்சுக்கங்க. ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல போட வேணாம். முதலமடைகிட்ட இருக்கற மீன்கரை டேம் பார்க்ல எறக்கி விட்டா அங்கயே ஒரு மணி நேரம் போயிரும்.

தங்கறதுலயும் ரெண்டு வழி, மாந்தோப்புக்குள்ள டெண்டா, இல்ல தெரிஞ்சவங்க வீட்டுக் களத்துலயான்னு. தோப்பு பாக்க அழகா இருக்கும், ஆனா முதலமடைல பூ விடுற காலத்துல மருந்து அடிப்பாங்க, சின்னப் புள்ளையை அந்த மண்ணுல படுக்க வைக்கறதுக்கு எனக்கு மனசே வராது. தோப்புல தூளி கட்டறதுக்கும் அதேதான், "எப்பங்ண்ணா கடைசியா மருந்து அடிச்சீங்க"ன்னு வாய் விட்டுக் கேளுங்க, இப்பத்தான்னு சொன்னா ரோட்டோர ஆலமரத்தடி போதும். மலையடிவாரத் தோப்புன்னா யானையும் எறங்கும், பலாவும் மாங்காவும் பழுத்தா சொல்லவே வேணாம். காட்டுக்குள்ள அனுமதி இல்லாம தங்கறது தப்பு, பரம்பிக்குளம் பக்கம் புலிகள் காப்பகம், அந்தப் பேச்சே எடுக்காதீங்க.

அதனால வீட்டுக் களம்தான். சிமெண்டுக் களமா இருந்தா ஆணி எறங்காது, தானா நிக்கிற டெண்டுதான் வேணும். பகல் சூடு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் தரைல இருக்கும், சாயந்தரமே ரெண்டு வாளி தண்ணி ஊத்தி விட்டுட்டு, காஞ்சப்புறம் கோரைப்பாய் போட்டு டெண்டை விரிச்சா ஜம்முனு இருக்கும். நடு ராத்திரில புள்ளை ஒண்ணுக்குன்னு எந்திரிச்சா பத்தடில திண்ணை லைட்டு, அத்தை ஒருத்தங்க "ஏங் கண்ணு"ன்னு கேக்கற தூரத்துல இருப்பாங்க. செருப்பை மட்டும் டெண்டுக்குள்ள வெச்சு ஜிப்பை மூடிருங்க, வெளிய விட்டா காலைல தட்டிப் பாக்காம போடக்கூடாது.

புருசன் பொண்டாட்டி ரெண்டு சைக்கிள், ஒரு புள்ளைன்னா நான் கண்ண மூடிட்டு சீட்டுன்னுதான் சொல்வேன், ஒருத்தர் புள்ளையை ஏத்திக்கணும், இன்னொருத்தர் சாமான் மொத்தத்தையும் ஏத்திட்டுப் பின்னாடியே வரணும், பின்னாடி வரவங்களுக்குத் தலை தொங்குதான்னு கண்ணுல படும். ரெண்டு புள்ளைன்னாலோ, ஒரே ஆள் தனியா கூட்டிட்டுப் போறீங்கன்னாலோ ட்ரெய்லர் எடுங்க, ஆனா மெயின் ரோடு தூரத்துக்கு மட்டும் சைக்கிளையும் ட்ரெய்லரையும் வேற வண்டில ஏத்திட்டுப் போய் வாய்க்கா மேட்டுலயே எறக்கிக் கெளம்புங்க.