கரடிக் காட்டுக்கு எந்த ரிவால்வர்? .357, .44, .454 ஓர் அலசல்

அமெரிக்காவின் அலாஸ்காவிலோ மொன்டானாவிலோ ஆள் நடமாட்டம் இல்லாத காட்டில் கூடாரம் போடப் போகிறவர்கள், துப்பாக்கிக் கடையில் முதலில் கேட்பது "இருக்கிறதிலேயே பெரியது எது?" என்றுதான். கேட்க வேண்டியவை வேறு இரண்டு. நாள் முழுக்க நடக்கும்போதும், மீன் பிடிக்கும்போதும், விறகு பொறுக்கும்போதும் கழற்றி வைக்கத் தோன்றாமல் உடம்பிலேயே இருக்கக்கூடியது எது? பாய்ந்து வரும் கரடி மீது முதல் தோட்டாவுக்குப் பிறகு இரண்டாவதையும் குறி தப்பாமல் சுட முடிவது எதில்? இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இழுக்கும். எடை குறைந்தால் சுமப்பது சுகம், சுடுவது கொடுமை. கடைசியில் எல்லா ஒப்பீடும் இந்த இழுபறியில்தான் வந்து நிற்கிறது.

துப்பாக்கிக்கு முன்னால் கரடி ஸ்ப்ரேயைப் பேசிவிடுவோம். மிளகாய்க் காரம் ஏற்றிய அந்த டப்பாவை வாங்கிய பிறகுதான் மற்றதெல்லாம். கரடி ஆய்வாளர்கள் டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ ஆகியோர் அலாஸ்கா சம்பவங்களைத் தொகுத்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பழுப்புக் கரடிகளிடம் ஸ்ப்ரே 92 சதவீதம் பலித்திருக்கிறது. 2012-இல் துப்பாக்கிகளைப் பற்றி வந்த ஆய்வில் கைத்துப்பாக்கிகளின் கணக்கு 84 சதவீதம். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. இரண்டு ஆய்வுகளிலும் கரடி வந்த சூழ்நிலைகள் ஒரே மாதிரி இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது 2012 ஆய்வின் இன்னொரு முடிவு: துப்பாக்கி வைத்திருந்து சுட்டவர்களுக்கும், வைத்திருந்தும் சுடாதவர்களுக்கும் காயம் படுவதில் வித்தியாசம் தெரியவில்லை. கரடி மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடும். நம் கையில் இருப்பது ஓரிரு விநாடிதான்.

சரி, ரிவால்வருக்கு வருவோம். .357, .44, .454 என்பவை குண்டின் பருமனை ஏறத்தாழ அங்குலத்தில் சொல்லும் எண்கள்.

.357 மேக்னம்: ருகர் ஜிபி100

1935-இல் வந்த தோட்டா. 158 கிரெய்ன் (குண்டின் எடையை அளக்கும் அலகு) குண்டு நொடிக்குச் சுமார் 1,250 அடி வேகத்தில், 500 அடி-பவுண்டு சொச்சம் ஆற்றலோடு போகும். ஜிபி100-இன் 4.2 அங்குலக் குழல் மாடல் 1.13 கிலோ. இந்த எடைக்கு இந்தத் தோட்டா நன்றாகவே அடங்கும். பயிற்சிக்கு இதிலேயே .38 ஸ்பெஷல் என்ற மென்மையான தோட்டாவைப் போட்டுச் சுடலாம். செலவும் குறைவு, கையும் வலிக்காது. அரிசோனா மாதிரி பாலைப் பக்கம் போகிறவர்கள் பாம்புக்கென்று பொடிச் சன்னம் நிரப்பிய தோட்டா ஒன்றிரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

கறுப்புக் கரடியும் மலைச்சிங்கமும் மட்டும் உள்ள இடங்களுக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பது என் கருத்து. ஒலிம்பிக் மலைகள், ஸ்மோக்கி மலைகள், சியரா நெவாடா எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கலிபோர்னியாவின் கொடியில் கிரிஸ்லி (பழுப்புக் கரடியில் ஒரு வகை) கம்பீரமாக நடக்கிறது. காட்டில் 1920-களோடு அதன் கதை முடிந்துவிட்டது. அங்குள்ள யோசெமிட்டி பூங்காவுக்கு .44 தூக்கிப் போகிறவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

.44 மேக்னம்: உண்மையான போட்டி இங்கேதான்

கிரிஸ்லியும் கடலோரப் பழுப்புக் கரடியும் இருக்கிற இடம் என்றால் பேச்சு .44-இல் ஆரம்பிக்கிறது. 1955-இல் வந்ததிலிருந்து அலாஸ்காக்காரர்களின் இடுப்பில் இருப்பது இது. கடையில் முன்னால் எடுத்து வைப்பவை மூன்று.

முதலாவது ருகர் ரெட்ஹாக். 4.2 அங்குலக் குழலில் 1.33 கிலோ. முரட்டு உருவம். எவ்வளவு கனமான தோட்டா போட்டாலும் முனகாது. விசைக்கும் சுத்திக்கும் ஒரே ஸ்பிரிங் என்பதால் இழுப்பு கொஞ்சம் கனமாக இருக்கும், பழகவேண்டும்.

இரண்டாவது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 629. நாலு அங்குலக் குழலில் 1.18 கிலோ. விசை இழுப்பு வெண்ணெய். மூன்றில் சுடச் சுகமானது இதுதான். ஆனால் மிக அழுத்தமான சிறப்புத் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டுத் தள்ள ரெட்ஹாக்தான் தோது.

மூன்றாவது அதே கம்பெனியின் 329பிடி (329PD). ஸ்காண்டியம் கலந்த அலுமினியச் சட்டம், டைட்டானியம் சிலிண்டர், ஆறு தோட்டா, வெறும் 710 கிராம். கையில் எடுத்ததும் எல்லோருக்கும் ஆசை வரும். மார்பில் கட்டினால் இருப்பதே தெரியாது. ஆனால் கணக்குப் பாருங்கள்: அதே தோட்டா, ரெட்ஹாக்கின் பாதி எடை. பின்னுதையின் ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். முழு மருந்துத் தோட்டா சுட்டால் விசைக்காப்பு வளையம் நடுவிரல் மூட்டில் அடிக்கும், உள்ளங்கை மரத்துப்போகும். ஒரு பெட்டியைத் தீர்க்க யாருக்கும் மனசு வராது. இதை வைத்திருக்கும் பலர் கூடவந்த பிடியைக் கழற்றிவிட்டு, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பெரிய 500 மாடலுக்கான தடித்த ரப்பர் பிடியை மாட்டியிருப்பது சும்மா இல்லை.

வலியைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று இருக்கிறது. இலேசான துப்பாக்கி பின்னால் துள்ளும்போது, சிலிண்டரில் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் கூடுகளும் கூடவே பின்னால் போகும். குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். கூட்டின் வாய் இறுக்கமாக மடிக்கப்படவில்லை என்றால், ஒவ்வொரு சூட்டுக்கும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். முனை சிலிண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுற்றாது. அவ்வளவுதான், கையில் இருப்பது வெறும் இரும்பு. காட்டுக்கு எடுத்துப்போகும் தோட்டாவை முதலில் சோதித்துவிடுங்கள்: ஆறு போட்டு ஐந்தைச் சுட்டுவிட்டு, ஆறாவதை வெளியே எடுத்து, சுடாத புதுத் தோட்டாவின் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். நீண்டிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

இந்த மூன்றில் முதல் முறை வாங்குகிறவருக்கு 629, எப்போதும் கனத்த தோட்டாதான் சுடுவேன் என்கிறவருக்கு ரெட்ஹாக் என்பேன். 329பிடி, நிறையச் சுட்டுப் பழகியவர்களுக்கு. பழகாதவர் கையில் அது முதல் தோட்டாவோடு நின்றுவிடும். இடைப்பட்டதாக ஐந்து தோட்டா கொள்ளும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 69 இருக்கிறது, 1.05 கிலோ, கை சிறியவர்கள் கட்டாயம் பிடித்துப் பார்க்க வேண்டியது.

.454-உம் அதற்கு மேலும்

ருகர் சூப்பர் ரெட்ஹாக் அலாஸ்கன், .454 கசூல், இரண்டரை அங்குலக் குழல், 1.25 கிலோ. காகிதத்தில் அட்டகாசம். குழல் குட்டையாக இருப்பதால் மருந்தின் கணிசமான பகுதி வெளியே தீப்பிழம்பாகவும் இடியோசையாகவும் வீணாகிறது. காதுக் கவசம் இல்லாமல் அதைச் சுட நேர்ந்தவரின் காது பிறகு பழையபடி இருக்கும் என்று சொல்ல முடியாது. இதிலேயே .45 கோல்ட் தோட்டாவும் போடலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த ஒரே காரணம்; கனமான .45 கோல்ட் போட்டால் நல்ல துப்பாக்கி. 2003-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 500 நாலு அங்குலக் குழலில்கூட 1.6 கிலோ. அதைச் சுமப்பதற்கு ஒரு ரைஃபிளையே தோளில் மாட்டிக்கொள்ளலாம்.

"10 மி.மீ. கிளாக் 20 பிஸ்டலில் பதினைந்து தோட்டா இருக்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கிரீன்லாந்தில் டென்மார்க்கின் சிரியஸ் ரோந்துப் படையினர் பனிக்கரடிக்காக வைத்திருப்பது அதுதான். ஆனால் கரடி மேலே விழுந்து குழல் அதன் உடம்பில் அழுந்தினால், பிஸ்டலின் ஸ்லைடு (நகரும் மேல்பகுதி) பின்னால் தள்ளப்பட்டுச் சுடாமல் போகலாம். ரிவால்வருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு தோட்டா பொய்த்தாலும் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வரும்.

எதை வாங்கினாலும் குண்டு விஷயத்தில் சறுக்கக் கூடாது. மனிதத் தற்காப்புக்கு விற்கும் குழிமுனைக் குண்டு உள்ளே போனதும் விரிந்து நின்றுவிடும். கரடிக்கு வேண்டியது ஆழம்: தடித்த கொழுப்பு, தசை, எலும்பு எல்லாம் தாண்டிப் போக வேண்டும். அதற்குக் கடினமாக வார்த்த, தட்டை முனை ஈயக் குண்டு. 2016-இல் அலாஸ்காவில் அனுபவசாலியான ஒரு வழிகாட்டி, மீன் பிடிக்க வந்தவர்களைத் தாக்க வந்த பழுப்புக் கரடியைச் சாதாரண 9 மி.மீ. பிஸ்டலால் சுட்டு வீழ்த்தினார். உள்ளே இருந்தது இந்த மாதிரிக் கடினக் குண்டுதான். அதற்காக 9 மி.மீ. போதும் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் கை அப்படிப்பட்டது.

உறைக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். இடுப்பு உறை, முதுகுப்பையின் இடுப்புப் பட்டைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். ஆற்றில் இறங்க ரப்பர் கால்சட்டை போட்டால் எட்டவே எட்டாது. மார்புக்குக் குறுக்கே கட்டும் உறைதான் அலாஸ்கா வழக்கம். பையைக் கழற்றினாலும் அது உடம்பிலேயே இருக்கும்.

இனி அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் கவனிக்க: எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது பொதுவான கூட்டாட்சிச் சட்டம், நண்பரிடம் இரவல் வாங்கினாலும் இதே கதைதான். ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியான வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரி முதல் அந்தந்த மாநிலச் சட்டப்படி கொண்டுபோகலாம், ஆனால் பார்வையாளர் மையம் போன்ற அரசுக் கட்டடங்களுக்குள் கூடாது.

விமானத்தில் துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல், பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, கவுன்டரில் சொல்லி செக்-இன் செய்யலாம். ஸ்ப்ரேக்கு எந்தப் பையிலும் இடமில்லை. அதை அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இறங்கித்தான் வாங்க வேண்டும். காரில் கனடா வழியாகப் போகத் திட்டம் என்றால் ரிவால்வரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எல்லையில் கைத்துப்பாக்கிக்கு அவ்வளவு கெடுபிடி.