கணிதமா, வணிகக் கணிதமா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் பலர் ‘கணிதம்’, ‘வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்’ என்னும் இரு பாடங்களுக்கும் இடையே தயங்குகின்றனர். பின்னது எளிது என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், அணிகள், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் ஆகியவை இரண்டிலும் உண்டு என்பதால், இவற்றுக்கு அஞ்சி வணிகக் கணிதத்தை நாடுவோர் ஏமாறவே செய்வர்.

பாடப்பொருள்
கணிதம்: கலப்பெண்கள், சமன்பாட்டியல், வெக்டர் இயற்கணிதம், பகுமுறை வடிவியல்.
வணிகக் கணிதம்: தவணைத் தொகைகள், பங்குகள், தரகு, ஒட்டுறவு (இரு மாறிகளுக்கு இடையிலான தொடர்பு), போக்குவரத்துக் கணக்குகள் (சரக்கைக் குறைந்த செலவில் அனுப்பும் வழி காணுதல்).

மதிப்பெண்
இரண்டுக்கும் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10.

மேற்படிப்பு
கணிதம்: பொறியியல் கலந்தாய்வின் 200 கட்ஆஃப் மதிப்பெண்ணில் 100 இப்பாடத்திலிருந்தே வருகிறது.
வணிகக் கணிதம்: பட்டயக் கணக்காளர் (சி.ஏ.) அடித்தளத் தேர்வின் மூன்றாம் தாளில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் இடம்பெறுவதால், அத்தாளுக்கான தயாரிப்பில் ஒரு பகுதி பள்ளியிலேயே முடிந்துவிடும்.

அன்றாடப் பயன் என்ற அளவுகோலில் வணிகக் கணிதமே முந்துகிறது. கடன் தவணையில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் பெரியவர்களிலும் குறைவு. எனினும் பொறியியலில் சிறிதேனும் நாட்டமுள்ளவர் கணிதத்தையே எடுக்க வேண்டும்; கணிதம் படித்தவர் பின்னர் வணிகவியலுக்கு மாறுவது எளிது, எதிர்த்திசையில் அவ்வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும். வணிகவியல், கணக்கியல், வங்கித் துறை என்று உறுதியாக முடிவு செய்தவருக்கு வணிகக் கணிதமே பொருந்தும். ஆனால் எல்லாப் பள்ளிகளிலும் அப்பிரிவு இல்லை என்பதால், சேர்க்கைக்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.