போலோ ஜிடி டிஎஸ்ஐ-க்கு 17 இன்ச் வீல்: ரெண்டரை வருஷ நடுக்கத்துக்கு அப்புறம் எழுதுறது

போன வாரம் மாப்ள ஒருத்தன் செகண்ட் ஹேண்ட்ல ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் எடுத்துட்டு நேரா எனக்குத்தான் போன் போட்டான், "டேய் உன் வண்டி மாதிரியே 17 போடணும்டா, எங்க போட்ட, எவ்வளவு ஆச்சு?"ன்னு. அவன் கேட்ட நேரம் நான் லேத்து பட்டறை வாசல்ல நின்னுட்டு இருந்தேன், கைல புதுசா கடைஞ்ச நாலு அலுமினிய வளையம், சூடு கூட ஆறல. அப்புறம் சொல்றேன்னு வெச்சுட்டேன். போன்ல சொல்லி முடியுற விஷயம் இல்ல, அதான் இங்க எழுதுறேன், 17 போடலாமான்னு யோசிக்கிற எல்லாருக்கும் சேர்த்தே.

என்னுது 1.2 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல், 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேடிக் கியர், ஸ்டேஜ் 1 ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டர்ல செட்டிங் மாத்தி பவர் ஏத்தறது), வண்டியைத் தாழ்த்துற லோயரிங் ஸ்பிரிங். வரும்போது 15 இன்ச் ரிம், 185/60 டயர், அதாவது அகலம் 185 எம்எம், சைடுவால் (டயரோட பக்கச் சுவர்) உயரம் அதுல 60 பர்சென்ட். இப்ப இருக்கிறது 17க்கு 7ஜே ரிம் (17 இன்ச் விட்டம், 7 இன்ச் அகலம்), 215/40.

சைஸ் பாத்த விதத்துல நான் தப்பு பண்ணல, அதை இன்னைக்கும் சொல்லுவேன். பழைய டயரோட மொத்த உயரம் கணக்கு போட்டா 603 எம்எம். 215/40 ஆர்17 போட்டா 604. அதாவது மீட்டரும் மாறாது, கியர் இழுவையும் மாறாது, வெளிநாட்டுல இதே பாடில வந்த போலோ ஜிடிஐக்கு கம்பெனியே கொடுத்த சைஸும் இதுதான். நான் மொதல்ல போன கடைல "205/55 ஆர்16 போட்டுருங்கண்ணா, ஸ்டாக் இருக்கு"ன்னாங்க, அதோட உயரம் 632, ஏறக்குறைய 5 பர்சென்ட் கூட, ஸ்பிரிங் இறக்கின வண்டில அது பின்னாடி வீலுக்கு மேல இருக்கிற பிளாஸ்டிக் லைனரைத் தேய்ச்சே தீரும், ரீமேப் பண்ணி வாங்கின இழுவைல பாதியை டயரே தின்னுடும். வேண்டாம்னு எந்திரிச்சு வந்தேன். லோட் இண்டெக்ஸும் (டயர் தாங்குற எடைக்கான நம்பர்) பாத்தேன், ஸ்டாக்ல 84, ஒரு டயர் 500 கிலோ தாங்கும், 215/40ல 83ம் வருது 87 எக்ஸ்எல்லும் வருது, தேடிப் பிடிச்சு 87 வாங்கினேன். ஆஃப்செட்டும் பாத்தேன், ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து அது வண்டில ஒட்டுற முகம் எத்தனை எம்எம் தள்ளி இருக்குங்கிறது, ஈடின்னு எழுதுவாங்க. 6ஜே ஈடி 40ல இருந்து 7ஜே ஈடி 35 போனா வீல் வெளிப்பக்கம் 17.7 எம்எம் தள்ளி நிக்கும், ஃபெண்டருக்குள்ள அடங்கும்னு அளந்து பாத்துதான் காசு கொடுத்தேன். பிசிடி (போல்ட் ஓட்டைங்க இருக்கிற வட்டம்) 5க்கு 100, அதாவது 5 ஓட்டை, 100 எம்எம் விட்டம், அதுவும் சரி.

பாக்காம விட்டது ஒண்ணே ஒண்ணு. நடு ஓட்டை.

அதுக்கு முன்னாடி நல்லதைச் சொல்லிடறேன், இல்லேன்னா நியாயம் இல்ல. ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, 15 இன்ச்ல போகும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினா டயர் ஒரு நொடி யோசிச்சுட்டுதான் வண்டியைத் திருப்பும், அந்த 111 எம்எம் சைடுவால் மடங்கி நிமிர்ற நேரம் அது. இதுல சைடுவால் 86தான். நினைக்கிறதுக்குள்ள மூக்கு உள்ள வந்துடுது. வளைவுக்கு நடுவுல ஒரு கல்லோ குரங்கோ கண்ணுல பட்டா லைனை மாத்த முடியுது. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேல டிராக் டேக்குப் போயிருந்தப்பவும் அப்படித்தான், பிரேக் புடிச்சுட்டே திருப்புற இடத்துல முன்னாடி டயர் கத்துற சத்தமே குறைஞ்சுபோச்சு. இந்த சந்தோஷம் நான் எதிர்பாத்து வாங்கினதை விட அதிகம், மறைக்க மாட்டேன்.

ஆனா 95ல இருந்து 110 வரைக்கும் ஸ்டியரிங் நடுக்கம்.

புது வீல் போட்ட மூணாவது நாள் அவினாசி தாண்டி சேலம் ரோட்டுல ஏறினேன், 95 தொட்டதும் கைல சன்னமா ஒரு உதறல், 100ல ஸ்டியரிங்ல வெச்ச கட்டை விரல் ஆடறது கண்ணுக்கே தெரியும், 115 போனா நின்னுடும். ஹைவேல நாம ஓட்டறதே அந்த ஸ்பீடுலதானே. பேலன்ஸிங் அஞ்சு தடவை பண்ணினேன், மூணு வேற வேற கடைல, ஒவ்வொரு தடவையும் மெஷின்ல ரெண்டு பக்கமும் ஜீரோ காட்டுவாங்க, "வீல் பெர்ஃபெக்டுங்ணா, ரோடு சரியில்ல"ம்பாங்க. அலைன்மென்ட் ரெண்டு தடவை. டயரை முன்னாடி பின்னாடி மாத்தினேன், நடுக்கம் கொஞ்சம் சீட்டுக்கு எறங்குச்சு, ஒரு மாசத்துல திரும்பி வந்துடுச்சு. நடுவுல பல்லடம் ரோட்டுல மழைத்தண்ணி நின்ன குழில எறக்கி இடது முன் ரிம்மோட உள் விளிம்பு வளைஞ்சுது, அதை நெளிவு எடுத்துட்டு வந்தப்போ இதுதான் காரணமா இருந்திருக்கும் இனி சரியாயிடும்னு நம்பினேன், ஆகல. டயர்லயே குறைன்னு சண்டை போட்டு ஒரு டயரைக் கழட்டி வேற வாங்கினேன். அம்மா கூட ஈரோடு போகும்போது "ஏன் சாமி வண்டி இப்படி உதறுது"ன்னு கேட்டாங்க, அன்னைக்குத்தான் ரொம்ப வலிச்சுது. ஆசை ஆசையா பண்ணின வண்டி.

ரெண்டு வாரம் முன்னாடி பிரேக் பேட் மாத்தணும்னு வீட்டு வாசல்லயே ஜாக்கி போட்டு நானே வீலைக் கழட்டினேன். ரிம்மைத் தூக்கி வெளிய எடுத்தப்போ பின்னாடி இருந்து ஒரு பிளாஸ்டிக் வளையம் கீழ விழுந்துச்சு. கைல எடுத்துப் பாத்தா வட்டமா இல்ல, பொரிச்ச அப்பளம் மாதிரி ஒரு பக்கம் அலை அலையா நெளிஞ்சு, ஓரம் உருகி பழுப்பு ஏறி இருந்துச்சு. அடுத்த பக்க வீலைக் கழட்டினேன், அதுல வளையமே இல்ல. போடவே இல்ல!

விஷயம் இதுதான். நம்ம வண்டில ரிம் போய் உட்கார்ற நடு மேடு, அதாவது ஹப், அதோட விட்டம் 57.1 எம்எம். கம்பெனி ரிம்மோட நடு ஓட்டையும் அதே 57.1, அப்படியே கச்சிதமா உட்காரும். வெளில விக்கிற ரிம் எல்லா வண்டிக்கும் ஆகணும்னு ஓட்டையைப் பெருசா விட்டுதான் வார்ப்பாங்க, என்னுது 73.1. விட்டக் கணக்குல 16 எம்எம் இடைவெளி. அந்த இடைவெளியை அடைக்கத்தான் ஹப் ரிங். அது இல்லேன்னா வீல் நடுவுல உட்கார்றதுக்கு போல்ட்டை மட்டும் நம்பி இருக்கணும், போல்ட்டை முடுக்குறப்ப கொஞ்சம் ஏறுக்குமாறா இழுத்தா அரை எம்எம் தள்ளி நின்னாலும் போச்சு, 100 கிலோமீட்டர்ல அது கைக்கு வரும். பேலன்ஸிங் மெஷின்ல ஏன் ஜீரோ காட்டுதுன்னா, மெஷின் கூம்பை வெச்சு அந்த நடு ஓட்டையைத்தான் புடிக்குது. மெஷின்ல வீல் நடுவுல நிக்குது, வண்டில நிக்கல. அஞ்சு தடவை காசு கொடுத்து நான் மெஷினைத்தான் சரி பாத்திருக்கேன்.

இன்னொண்ணும் இருந்துச்சு. கம்பெனி போல்ட்டோட தலைக்குக் கீழ பகுதி உருண்டையா இருக்கும், அது கம்பெனி ரிம்முக்கு. இந்த ரிம்முக்கு கூம்பு போல்ட் வேணும். கடைல பழைய போல்ட்டையே போட்டு முடுக்கி இருக்காங்க, ரிம்மோட போல்ட் ஓட்டைல டார்ச் அடிச்சுப் பாத்தா முழு இடமும் பட்டிருக்க வேண்டியது நூல் கணக்கா ஒரே ஒரு பளபளப்பான கோடு. இந்தக் கோட்டை நம்பி 130, 140 போயிருக்கேன், என் வீட்டாளுங்களை உட்கார வெச்சுட்டு. கோவம் வராம என்ன பண்ணும். அந்தக் கடைக்குப் போய்க் கேட்டேன், "எல்லாருக்கும் இப்படித்தான் போடறோம்ங்ணா, யாரும் வந்து கேட்டதில்ல"ன்னு பதில்.

நல்லவேளை நம்ம கோயம்புத்தூர்ல லேத்துக்குப் பஞ்சமில்ல. கணபதில ஒரு சின்ன பட்டறை, பெரியவர் ஒருத்தர்தான். ரிம்மைக் கொண்டு போனேன், "அளவு நீங்க சொல்லாதீங் தம்பி, நான் பாத்துக்கறேன்"னு வெர்னியரை ஓட்டைக்குள்ள மூணு கோணத்துல வெச்சு அளந்தார், அப்புறம் வாசலுக்கு வந்து குத்த வெச்சு உட்கார்ந்து ஹப்புல துரு தேய்ச்சுட்டு அதையும் அளந்தார். அலுமினிய ராடுல கடைஞ்சு கொடுத்தார். கையால அழுத்தினா உள்ள போகணும், சுத்தியல் கேக்கக் கூடாது, ஆட்டினா ஆடக் கூடாது, அப்படி ஒரு அளவு. துரு புடிச்சு ஒட்டிக்காம இருக்க கொஞ்சமா கிரீஸ் தடவச் சொன்னார். நாலு வளையத்துக்கு 1,400 ரூபாய். கூம்பு போல்ட் 20, எம்14, பிட்ச் 1.5, அது தனியா வாங்கி டார்க் ரெஞ்ச்ல (எவ்வளவு முடுக்கணும்னு அளந்து முடுக்குற ஸ்பேனர்) 120 நியூட்டன் மீட்டர் வெச்சு நட்சத்திர வரிசைல முடுக்கினேன்.

அன்னைக்கு ராத்திரியே சேலம் ரோட்டுல ஏறினேன். 95. 100. 105. ஒண்ணுமே இல்ல. ஒரு விரல் வெச்சு ஓட்டலாம். பெருந்துறை வரைக்கும் சும்மா போய்த் திரும்பி வந்தேன், ரெண்டரை வருஷம் கழிச்சு நான் ஆசைப்பட்ட வண்டியை அன்னைக்குத்தான் மொத மொதல்ல ஓட்டினேன்.

மத்ததையும் சுருக்கமா சொல்லிடறேன். வீட்டு வெயிங் மெஷின்ல வெச்சுப் பாத்தேன், பழைய வீல் டயரோட 16 கிலோ, இது 20, ஒரு வீலுக்கு நாலு கிலோ கூட, அது சிக்னல்ல கிளம்பும்போது தெரியும். நாலு பேர் ஏறி பெரிய ஸ்பீடு பிரேக்கர்ல எறங்கினா பின்னாடி ஒரு தடவை உரசும். 215/40 ஆர்17 நினைச்ச ஊர்ல கிடைக்காது, பொள்ளாச்சில ஆணி ஏறி சைடு கிழிஞ்சப்போ ரெண்டு நாள் ஸ்டெப்னிலதான் ஓட்டினேன்.

இப்ப மாப்ளைக்கு பதில். இவ்வளவு பாராட்டினேன், இப்ப வண்டி தங்கம் மாதிரி ஓடுது, அப்பவும் நீ 17 போடாத. 2017க்கு அப்புறம் ஜிடில கம்பெனியே 16 இன்ச் ரிம் கொடுத்தான், 195/55, அது பழசு தேடி வாங்கு. உயரம் 621, உன் 15ஐ விட 3 பர்சென்ட் கூட, மீட்டர் 100 காட்டறப்ப முன்ன விட மூணு கிலோமீட்டர் கூடப் போவ, அவ்வளவுதான். ஐ20க்கும் அதே டயர் வர்றதால எந்த ஊர்லயும் கிடைக்கும். முக்கியமா நடு ஓட்டை 57.1, உன் போல்ட்டே போதும், யாரும் உன்னை ஏமாத்த முடியாது. வால்பாறைல எனக்குக் கிடைக்கிற அந்த மூக்குத் திருப்பம் உனக்கு முழுசா கிடைக்காது, தெரியும். பரவால்ல. என் டயர் தேஞ்சதும் நானும் அதுக்குத்தான் போறேன், இன்னைக்கு என் மனசு அப்படித்தான் சொல்லுது.

இல்ல மாமா 17தான்னு நின்னேன்னா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி ரிம்மோட நடு ஓட்டையை அளந்துட்டு எனக்குப் போன் பண்ணு. பெரியவர்கிட்ட உன்னைக் கூட்டிட்டுப் போறேன், ஞாயித்துக்கிழமை மட்டும் பட்டறை லீவு.