மேற்கு வெயில் மாடிக்கு அரளியா, செம்பருத்தியா?

மதுரையில் மேற்குப் பார்த்த மொட்டை மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களுக்குச் சித்திரை பிறந்தால் தண்ணீர்க் கவலைதான். எங்கள் மாடியில் இரண்டையும் வைத்துப் பார்த்தோம். இப்போது அங்கே பெரும்பாலும் செவ்வரளிதான்.

குச்சியை வெட்டி நட்டால் இரண்டும் வந்துவிடும், இரண்டின் பூவும் சாமிக்கு ஆகும். அதில் அலச ஒன்றுமில்லை. இலை வழியாகப் போகும் தண்ணீரில்தான் விஷயமே இருக்கிறது.

வேர் உறிஞ்சும் நீரில் 90 சதவீதத்துக்கும் மேல் இலைத்துளைகள் வழியே ஆவியாகிவிடுகிறது. கரியமில வாயுவை உள்ளே எடுக்கத் துளை திறந்தாக வேண்டும். திறந்தால் ஈரம் வெளியே போகும். இலையை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை அனல் காற்று அடித்துக்கொண்டு போனால் இழப்பு இன்னும் கூடும். மாடியில் வெயிலோடு இந்தக் காற்றும் சேர்ந்துகொள்கிறது.

அரளி இதற்கென்றே பிறந்தது போலிருக்கிறது. அதன் துளைகள் இலையின் அடிப்புறத்தில் சின்னச் சின்னக் குழிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. குழிக்குள் மயிர்கள் வேறு. உள்ளே தேங்கும் ஈரத்தைக் காற்று எளிதில் வாரிக்கொண்டு போக முடியாது. மேலே தடித்த மெழுகுப் பூச்சும், பல அடுக்குத் தோலும் உண்டு. நான்குவழிச் சாலை நடுவில் அரளியாக நட்டிருப்பது சும்மா இல்லை.

செம்பருத்தி இலை அகலம், மெல்லிசு. மண் ஈரமாக இருக்கும்போதே உச்சி வெயிலில் துவண்டுவிடும், ஏனென்றால் வேர் அனுப்புவதைவிட இலை விடுவது அதிகம். சாயங்காலம் தானாக நிமிரும். அதைப் பார்த்துப் பதறி ஊற்றாமல், மண்ணில் விரலை விட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

எங்களுக்கு முடிவைத் தந்தது ஊருக்குப் போகிற நாட்கள்தான். செம்பருத்தி என்றால் எதிர்வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்து, தினமும் மாடியேறச் சொல்ல வேண்டும். வேரூன்றிய அரளி இரண்டு மூன்று நாள் தாங்கும். ஆனால் உயிரோடு நிற்பது வேறு, பூத்துக் குலுங்குவது வேறு. பூ வேண்டுமென்றால் அதற்கும் ஒழுங்காக ஊற்றத்தான் வேண்டும். நான் சொல்வதெல்லாம் தொட்டிச் செடிக் கணக்கு. தரையில் வேர் ஆழமாக இறங்கினால் செம்பருத்தியும் இவ்வளவு படுத்தாது என்று நினைக்கிறேன்.

சரி, அரளியில் பெரிய குறை ஒன்று: இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். வாயில் எதையும் வைக்கும் வயதில் குழந்தையோ, மேய வரும் ஆடோ இருந்தால் யோசிக்காமல் செம்பருத்திக்குப் போங்கள், கிழக்குப் பக்கமாகப் பார்த்து வையுங்கள். அரளியைக் கவாத்து செய்தால் கையைக் கழுவுங்கள். வெட்டிய குச்சிகளை எரிக்க வேண்டாம், புகையும் ஆகாது.