கைவேலைக்காரர்களுக்கு ஒரு கணக்கு ஆபீஸ்: மாதம் 1,500 ரூபாய் கொடுக்கலாமா?

பாலக்காட்டுச் சித்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் ஒரு சின்னக் கணக்கு ஆபீஸ் இருக்கிறது. அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர் நடத்துகிறார்கள். தையல், நகை, ஓவியம், கேக் என்று வீட்டில் இருந்தபடி செய்து விற்கிறவர்களுக்கு அவர்களிடம் தனியாக ஒரு மாதச் சேவை உண்டு. கணக்கு எழுதுவது, வரி வேலை, வருடத்துக்கான வேலைத் திட்டம் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய். ஒரு வருடத்துக்கு மேலாக நான் அவர்களிடம் இருக்கிறேன். "கொடுத்த காசுக்குப் பிரயோஜனம் உண்டா?" என்று கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போவதால் எழுதிவிடுகிறேன். ஆபீஸ் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், ஊரோ சின்னது.

என் தொழிலைச் சொன்னால்தான் மற்றது புரியும். கொழிஞ்சாம்பாறையில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கேரளா சேலை, செட்டு முண்டு (இரண்டு துண்டாக உடுத்துவது), தாவணி மேல் மியூரல் பாணியில், அதாவது கேரளக் கோயில் சுவர் ஓவியம் போல, படம் வரைகிறேன். துணி குத்தாம்புள்ளி என்ற நெசவு ஊரிலிருந்து வருகிறது. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பாலக்காட்டுப் பக்கம், மீதிப் பாதி பொள்ளாச்சி, கோயம்புத்தூர். கோயம்புத்தூர்க் கல்லூரிகளில் ஓணம் கொண்டாடுவதைப் பார்த்திருந்தால் உங்களுக்கே தெரியும், அன்றைக்கு வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள், மலையாளப் பிள்ளைகள் எல்லோருக்கும் கசவுக் கரைதான், அதாவது தங்கச் சரிகைக் கரை. அந்த ஒரு நாள் கூத்துக்குத்தான் எனக்கு வருடத்தின் பெரிய வியாபாரமே.

நான் போனபோது ஒரு பை நிறைய பில்லும் துண்டுச் சீட்டும் கொண்டு போனேன். அந்த அக்கா பையைத் தொடவே இல்லை. "கண்ணு, பில்லெல்லாம் இருக்கட்டும். ஒரு நாளைக்கு உன்னால எத்தன மணி நேரம் பிரஷ் புடிக்க முடியும்? அத மொதல்ல சொல்லு" என்றார். வீட்டு வேலை, பையனைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் கழித்து ஐந்து மணி நேரம் என்றேன். அப்புறம் ஒரு நீளநோட்டைக் கொடுத்து, ஒரு மாதம் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு வரி எழுதச் சொன்னார். துணி, பெயின்ட், கூலி, கூரியர் என்று வழக்கமான கட்டங்கள்தான். கடைசியில் இரண்டு கட்டம் மட்டும் புதுசு: "கை நேரம்", "பேச்சு நேரம்".

இந்தச் சேவையில் எனக்குப் பெரிதாகப் பட்டது அந்தப் "பேச்சு" கட்டம்தான். முந்தானையில் ராதாகிருஷ்ணன் போட்ட சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். விலை 2,800. துணி 950, பெயின்ட் 120, நிறம் நிரப்பிக் கொடுக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 400, கூரியரும் கவரும் 90. கையில் நிற்பது 1,240. படம் இறக்குவது, முகம் வரைவது, கறுப்பு அவுட்லைன், காய்ந்தபின் பின்பக்கமாக இஸ்திரி போட்டு நிறத்தைப் பிடிக்க வைப்பது எல்லாமாக என் கை நேரம் எட்டு மணி. அதற்கு மேல் பேச்சு மூன்று மணி! கண்ணன் கொஞ்சம் சிரிக்கலாமே, ராதையின் தாவணி நீலமாக இருக்கட்டுமே, அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன், அம்மாவுக்கு மயில் வேண்டுமாம். பதினொரு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 113 ரூபாய் கூட வரவில்லை. கரையில் தாமரைக் கொடி மட்டும் ஓடும் சாதா முண்டு 1,100 ரூபாய். துணி 550, பெயின்ட் 50 போக 500 நிற்கும். அதற்கு மூன்று மணி நேரம் போதும், பேச்சே கிடையாது. மணிக்கு 166. ஊரெல்லாம் போட்டோ எடுத்துப் பாராட்டும் சேலையைவிட, யாரும் திரும்பிப் பார்க்காத முண்டுதான் வீட்டுக்கு அரிசி வாங்கித் தருகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டிவிட்டார்கள்.

அதற்காக "ராதாகிருஷ்ணனை நிறுத்து" என்று சொல்லவில்லை. அது இருக்கட்டும், அதைப் பார்த்துத்தான் ஆள் வருகிறது என்றார்கள். படத்தின் மாதிரியில் ஒரு திருத்தம் இலவசம், அடுத்ததிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 200 ரூபாய். பாதிப் பணம் வந்த பிறகுதான் துணியில் பென்சில் படும். இதை ஒரு அட்டையில் எழுதி போட்டோ எடுத்து, ஆர்டர் கேட்கிறவர்களுக்கு முதலிலேயே அனுப்பிவிடுகிறேன். 200 ரூபாய் என்றதும் அம்மாக்களுக்கு மயில் ஆசை நிறையவே குறைந்துவிட்டது.

பண விஷயத்தில் அவர்கள் சொன்னது எல்லோரும் சொல்வதுதான். தொழிலுக்குத் தனி பேங்க் கணக்கு, கியூஆர் கோடு தனி, மாதம் 5-ம் தேதி எனக்கென்று 12,000 ரூபாய் சம்பளம். நல்ல மாதமோ மோசமான மாதமோ, அதேதான். பழகக் கொஞ்சம் நாள் ஆகும், பழகிவிட்டால் நிம்மதி. வருமான வரிக்கு அனுமான முறையில் கணக்குக் காட்டுகிறார்கள். பேங்க், யூபிஐ வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதமும் ரொக்கத்தில் 8 சதவீதமும் லாபம் என்று காட்டினால் போதும். அதற்குக் குறையாமல் காட்டும்வரை பெரிய பேரேடெல்லாம் சட்டம் கேட்பதில்லை. நீளநோட்டு எனக்காக, வரிக்காக இல்லை என்று அந்தத் தங்கை அடிக்கடி சொல்வார்.

எல்லையோரத்தில் இருக்கிறவர்கள் இந்தப் பத்தியைக் கவனித்துப் படியுங்கள். கேரளாவுக்குள்ளேயே பொருள் விற்கிறவர் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டாம். ஆனால் கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டி ஒரே ஒரு சேலையைக் கூரியரில் அனுப்பினாலும் அது வேறு மாநில விற்பனை. அதற்கு முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும் என்பதுதான் பொது விதி. பொள்ளாச்சி எனக்குப் பக்கத்து ஊர், சட்டத்துக்கு அது வேறு மாநிலம். நேரில் வந்து வாங்கிப் போனால் இந்தச் சிக்கல் இல்லை. கைவினைப் பொருளுக்கு இதில் ஒரு விலக்கு இருக்கிறது. அரசு வெளியிட்ட பட்டியலில் கைத்தறித் துணியும் கையால் அச்சிட்ட துணியும் உண்டு. மொத்த விற்பனை வருடத்துக்கு 20 லட்சம் தாண்டாமல் இருந்தால் பதிவு இல்லாமலே வேறு மாநிலத்துக்கு அனுப்பலாம். பான் எண் வேண்டும், சரக்கு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இ-வே பில் (சரக்கு அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) போட வேண்டும். மற்றவர்களுக்கு 50,000 ரூபாய்க்கு மேல்தான் இ-வே பில். நமக்கு 1,100 ரூபாய் முண்டுக்கும் உண்டு. கோயம்புத்தூரில் நான் விசாரித்த யாரும் இதை முழுசாகச் சொல்லவில்லை. இவர்கள் போர்ட்டலில் பெயரைப் பதிந்து, போனிலேயே பில் போடக் கற்றுக்கொடுத்தார்கள். இந்த ஒன்றுக்காகவே அவர்களைச் சிபாரிசு செய்வேன்.

சிறுதொழில் என்று அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவையும் உட்கார்ந்த இடத்தில் செய்து கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. அரசு போர்ட்டலில் அது இலவசம்தான், கட்டணம் கேட்கும் வெப்சைட் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். அந்த எண்ணால் என்ன லாபம் என்று நானும் முதலில் நினைத்தேன். கோயம்புத்தூரில் ஒரு துணிக்கடை என்னிடம் மொத்தமாக எடுக்கும், பணம் மட்டும் "அடுத்த வாரம்". சிறுதொழில் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. 2024 ஏப்ரலில் இருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது. அந்தக் கெடுவைத் தாண்டினால், பணத்தை உண்மையில் கொடுத்த வருடத்தில்தான் கடைக்காரர் அதைச் செலவாகக் காட்ட முடியும். என் பில்லில் உத்யம் எண்ணும் கெடு தேதியும் ஏறின. அதன் பிறகு மார்ச் மாதத்தில் அந்தக் கடை ஆடிட்டரே முதலாளியிடம் எனக்காகப் பேசிவிடுகிறார். நான் சண்டை போட வேண்டியதில்லை.

இனி குறைகள். வேலைத் திட்டம் என்று அவர்கள் கொடுத்த தாளில் வருடம் சமமான பன்னிரண்டு துண்டாக இருந்தது. மளிகைக் கடைக்குச் சரி. எனக்கு ஆடி மாதம், அதாவது மலையாளத்தில் கர்க்கடகம், ஊரில் கல்யாணம் காட்சி எதுவும் கிடையாது, கடைகள் ஈ ஓட்டும். நானோ ஓணத்துக்காகத் தலைநிமிராமல் வரைந்துகொண்டிருப்பேன். அதைவிட மோசம், 2025 ஓணத்துக்கு முந்தைய வருடத் தேதியையே வைத்துத் திட்டம் போட்டிருந்தார்கள். 2024-ல் திருவோணம் செப்டம்பர் 15, 2025-ல் செப்டம்பர் 5. பத்து நாள் வித்தியாசம் எனக்கு உயிர் போகிற வித்தியாசம். நான் பார்த்துச் சொன்ன பிறகு, பின்னாலிருந்து எண்ணித் திருத்தினார்கள். கல்லூரிகள் திருவோணத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே கொண்டாடிவிடும், அதற்கும் முன்னால் சேலை கையில் கிடைக்க வேண்டும், ஆகவே ஜூலை கடைசியோடு ஆர்டர் நிறுத்தம். 2026-ல் திருவோணம் ஆகஸ்ட் 26. இந்தத் தடவை ஜூலை நடுவிலேயே நிறுத்தச் சொல்லி நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று, ஜூலையில் அவர்களைப் பிடிக்கவே முடியாது. ஊர் முழுக்க வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் நேரம், போன் எடுக்க மாட்டார்கள். எனக்கு ஆலோசனை தேவைப்படுவதும் அதே மாதம். வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லி அவர்கள் எழுதிக் கொடுத்த ரெடிமேட் பதில்களும் எனக்கு ஒத்துவரவில்லை. "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே" என்று ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு அனுப்பினால் அவள் நான் கோபமாக இருப்பதாக நினைத்துக்கொள்வாள். "ஆர்டர் முடிஞ்சுது கண்ணு, அடுத்த வருஷம் சீக்கிரம் சொல்லு" என்று நானே அனுப்பிக்கொள்கிறேன். சிலர் வேறு இடம் போனார்கள். போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை லீவு என்று தாளில் போட்டிருந்ததையும் நான் மாற்றிக்கொண்டேன். ஞாயிறுதான் பொள்ளாச்சிப் பஸ்ஸில் ஆட்கள் நேரில் வருவார்கள். எனக்கு லீவு புதன்கிழமை, மாலை ஏழு மணிக்கு மேல் எந்த நாளும் பிரஷ் கிடையாது. விளக்கு வெளிச்சத்தில் காவிச் சிவப்பும் காவி மஞ்சளும் ஒன்றாகத் தெரியும், மறுநாள் காலையில் பார்த்தால் அழுகை வரும். இந்த ஏழு மணிக் கணக்குக்கு அந்த அக்கா ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை. ஐந்து மணி நேரம் என்று நான் முதலில் சொன்ன எண்ணைத் தொடாமல்தான் மற்றதெல்லாம் போட்டிருக்கிறார். முன்பு ஓண சமயத்தில் ராத்திரி ஒரு மணி வரை விளக்கு எரியும். மாமியார் இப்போது அதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, அதுவே எங்கள் வீட்டில் பெரிய சர்டிபிகேட்.

யாருக்கு வேண்டாம் என்றால், மாதம் பத்தாயிரத்துக்குக் கீழே விற்கிறவர்களுக்கு இது சுமை. ஒரு நீளநோட்டு வாங்கி அந்த இரண்டு கட்டத்தையும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், இப்போதைக்கு அது போதும். மாநில எல்லையைத் தாண்டி விற்கிறவர்கள், கடைக்கு மொத்தமாகக் கொடுத்துப் பணத்துக்கு அலைகிறவர்கள் தயங்காமல் போகலாம்.

போவதென்றால் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள், உட்கார்ந்து பேச அவர்களுக்கு நேரம் இருக்கும். மார்ச் வந்துவிட்டால் கஷ்டம். பான் கார்டு, ஆதார், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்துப் போங்கள். சனிக்கிழமை மதியம் வரைக்கும்தான் ஆபீஸ். தமிழிலேயே பேசலாம், பில்லை வேண்டுமானால் மலையாளத்தில் அடித்துத் தருவார்கள்.