சிம்லா பேக்கேஜில் 'மால் ரோடு அருகில்' என்று போட்டிருந்தால் உஷார்

சிம்லாவுக்குப் பேக்கேஜில் போகிறவர்கள் பணத்தைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: அறையிலும், பக்கத்துச் சுற்றுலா இடமான குஃப்ரியிலும்.

முதலில் அறை. வவுச்சரில் 'மால் ரோட்டிலிருந்து 500 மீட்டர்' என்று இருக்கும். மேப்பில் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். ஆனால் சிம்லா மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறிய ஊர். 1864-ல் ஆங்கிலேயர் கோடைத் தலைநகராக ஆக்கிக்கொண்ட இந்த ஊரில், முக்கியக் கடைவீதியான மால் மேலே, லோயர் பஜார் அதற்குக் கீழே, கார்ட் ரோடு இன்னும் கீழே. டாக்ஸி கார்ட் ரோட்டோடு சரி, மாலுக்குள் வராது. அந்த 500 மீட்டரில் பாதி படிக்கட்டாகவே இருக்கலாம். முட்டிவலி உள்ள பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு இரவில் போய் இறங்கினால், பெட்டி தூக்குபவர் கேட்டதைக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. கார்ட் ரோட்டிலிருந்து மாலுக்கு இரண்டு கட்டமாக ஏறும் சுற்றுலாக் கழக லிஃப்ட் ஒன்று இருக்கிறது. அதையும் இரவில் நிறுத்திவிடுவார்கள்.

அதனால் முன்பணம் கட்டும் முன் ஏஜென்ட்டை விட்டுவிட்டு விடுதிக்கே நேராகப் போன் போடுங்கள். வண்டி வாசல்வரை வருமா? வராதென்றால் எங்கே இறங்க வேண்டும், அங்கிருந்து எத்தனை படி, ஏற்றமா இறக்கமா? ரூம் ஹீட்டர் வாடகையில் சேர்த்தியா? வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? டிசம்பர், ஜனவரியில் ஹீட்டர் இல்லாமல் தூங்க முடியாது. அதற்கு இரவுக்கு இவ்வளவு என்று தனியாகப் பில் போடுவது சகஜம். பதிலை வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள்.

அடுத்தது குஃப்ரி, சிம்லாவிலிருந்து சுமார் 15 கி.மீ. பேக்கேஜில் 'குஃப்ரி சைட்சீயிங்' என்றால் பெரும்பாலும் டாக்ஸி வாடகை மட்டும்தான். போகிற வழியிலேயே கோட்டும் கம்பூட்டும் வாடகைக்குக் கொடுக்கும் கடையில் நிறுத்தி, 'இது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்' என்பார்கள். அப்படி ஒரு விதியே இல்லை. டிரைவருக்குக் கமிஷன், அவ்வளவுதான். பனி கிடந்தால் மட்டும் பூட்ஸ் எடுங்கள், அதுவும் உள்ளே கைவிட்டு ஈரமோ ஓட்டையோ இருக்கிறதா என்று பார்த்த பிறகு.

பிறகு மலைமேல் கூட்டிப்போகும் குதிரைகள் நிற்கும் இடத்தில் இறக்கிவிட்டு, 'இதற்கு மேல் வண்டி போகாது' என்பார்கள். அது உண்மைதான். நடந்தும் ஏறலாம் என்பதைத்தான் சொல்லமாட்டார்கள். குதிரையில்தான் போவது என்றால் ஏறுமுன் இந்தியில் 'ஆனா-ஜானா மிலாகே கித்னா?' என்று கேளுங்கள், போகவர மொத்தம் எவ்வளவு என்று அர்த்தம். எந்தெந்த இடம் என்பதையும் அங்கேயே பேசி முடியுங்கள். மேலே யாக் போட்டோ, டெலஸ்கோப், எல்லாவற்றுக்கும் தனிக் காசு.

பாதை கல்லும் சாணிச் சேறுமாக இருக்கும். ஒரே ஆள் மூன்று நான்கு குதிரைகளை ஓட்டிப் போவார், குதிரை சறுக்கினால் பிடிக்க பக்கத்தில் ஆள் இருக்காது. கால் வைக்கும் வளையத்தின் வாரை உங்கள் கால் நீளத்துக்குச் சரிசெய்யச் சொல்லாமல் ஏறாதீர்கள். ஏற்றத்தில் முன்னால் சாயுங்கள். இறக்கத்தில் பின்னால் சாய்ந்து, குதிகாலைக் கீழே அழுத்துங்கள். மழை பெய்திருந்தால் ஏறவே வேண்டாம். குஃப்ரியிலேயே ரோட்டோரம் இருக்கும் இமாலயன் நேச்சர் பார்க்குக்குப் போய் மோனால் பறவையைப் பார்த்துவிட்டு வரலாம்.

திங்கட்கிழமைத் திட்டத்தில் ஆங்கிலேய வைஸ்ராயின் மாளிகையான வைஸ்ரீகல் லாட்ஜ் இருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள், அன்று விடுமுறை. வெளியிலிருந்து காட்டிவிட்டு 'முடிந்தது' என்பார்கள். 1888-ல் கட்டி முடித்தது அது. சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தில் பணிபுரிந்த அதே ஹென்றி இர்வின் வடிவமைத்தது. உள்ளே இருக்கும் மரவேலைக்காகவே போகவேண்டும்.

ஜாக்கூ கோயிலில் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிடுங்கள். குரங்கு பறித்த கண்ணாடியைப் பிரசாதம் வீசி மீட்டுத் தருகிறவர்கள் அதற்குக் காசு கேட்பார்கள்.

சிம்லாவுக்கு டாய் ட்ரெயின் கிளம்பும் கால்காவில் இறங்கியதும் 'இன்று டாய் ட்ரெயின் இல்லை' என்று டாக்ஸிக்காரர்கள் யாராவது சொன்னால், ஸ்டேஷன் விசாரணைக் கவுன்ட்டரில் கேட்காமல் பெட்டியைக் கையில் கொடுத்துவிடாதீர்கள்.