இரவில் கேமரா: இன்ஃப்ராரெட்டா, வண்ணமா?

வீட்டுக் கண்காணிப்புக்கான இன்ஃப்ராரெட் கேமராவில் பகலில் சென்சாருக்கு (படத்தைப் பதியும் சில்லு) முன்னால் ஒரு வடிகட்டி நின்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு (இன்ஃப்ராரெட்) ஒளியைத் தடுக்கும். இருட்டியதும் 'டிக்' என்ற சத்தத்தோடு அது விலகிக்கொள்ளும், எல்.ஈ.டி.கள் எரியும். பெரும்பாலும் 850 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு ஒளி. சென்சாரின் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் மூன்றுமே இதை ஏறக்குறைய ஒரே அளவில் உள்வாங்குவதால் நிறத்தைப் பிரித்தறிய வழியில்லை. அதனால்தான் படம் கறுப்பு வெள்ளைக்கு மாறுகிறது. அதையும் அப்படியே நம்ப முடியாது. பல துணிச் சாயங்கள் அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும். கறுப்புச் சட்டை போட்டவர் வெளிர்சட்டைக்காரராகத் தெரிவார்! சாட்சி சொல்ல இது போதுமா?

வண்ண இரவுக் கேமராவில் நிறைய ஒளியை உள்ளே விடும் அகன்ற துளை லென்ஸ், கூடவே வெள்ளை விளக்கு. சட்டை, வண்டி நிறமெல்லாம் ஓரளவு சரியாகவே வரும். ஆனால் விளக்கு கண்ணை உறுத்தும், பூச்சிகளை இழுக்கும். அதை அணைத்துவிட்டால் படம் புள்ளி புள்ளியாகிவிடும், ஓடுபவர் உருவமும் கலங்கும்.

தெருவிளக்கு வெளிச்சம் விழும் வாசலுக்கு என் ஓட்டு வண்ணத்துக்குத்தான். கும்மிருட்டான பின்பக்கத்துக்கு, சரி, இன்ஃப்ராரெட்டே இருக்கட்டும். சட்டை நிறத்தை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள்.